மலிவுக் கைத்துப்பாக்கியும் மாற்று உறுப்புகளும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

தந்தை விட்டுச் சென்ற பொருளை மைந்தன் பேணுவது எல்லா நாடுகளிலும் உள்ள வழக்கம். நம் வீடுகளில் அது ஒரு கைக்கடிகாரமாகவோ, தையல் எந்திரமாகவோ, மிதிவண்டியாகவோ இருக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பல குடும்பங்களில் அது ஒரு கைத்துப்பாக்கியாக இருக்கிறது. மேசை இழுப்பறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, எண்ணெய் உலர்ந்து, முலாம் உரிந்து, பேரனின் கைக்கு வந்து சேரும் அப்பொருளை என்ன செய்வது? சில உறுப்புகளை மாற்றிப் பழுது பார்த்துவிடலாமா?

வெளிப்பார்வைக்கு இது ஒரு கம்மியரிடம் கேட்கவேண்டிய கேள்வி. சற்று ஆழ்ந்து நோக்கினால், நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலும் வேதியியலும் ஒன்றுகூடி விடை சொல்லவேண்டிய கேள்வி என்பது விளங்கும். உயர்ந்த விலையுள்ள துப்பாக்கிகள் எஃகினால் ஆனவை. அவற்றைப் பழுது பார்ப்பதில் புதிர் குறைவு. எளியவர் வாங்கிய மலிவுத் துப்பாக்கியில்தான் எது மாற்றத்தக்கது, எது மாற்றத்தகாதது என்னும் வினா கூர்மையாக எழுகிறது. அவ்வகையில் பெயர்பெற்ற ஒன்றை எடுத்துக்கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மலிவுத் துப்பாக்கி பிறந்த கதை

1968-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங்கும், ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டில் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்த சிறிய, மலிவான கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியை அது பெரும்பாலும் நிறுத்திவிட்டது. ஆனால் அதே போன்ற துப்பாக்கியை உள்நாட்டிலேயே செய்வதை அச்சட்டம் தடுக்கவில்லை. தேவை இருந்தது; வரத்து நின்றது. இந்த இடைவெளியை நிரப்பியவர்களுள் ஒருவர் தெற்குக் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஜென்னிங்ஸ். 1970-இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் ரேவன் ஆர்ம்ஸ். ரேவன் என்றால் அண்டங்காக்கை.

நூறு டாலருக்கும் குறைந்த விலையில், உள்ளங்கையில் அடங்கும் அளவில் அத்துப்பாக்கி விற்பனையாயிற்று. முதலில் பி-25 என்றும், பின்னர் எம்.பி.-25 என்றும் அதற்குப் பெயர். ஜென்னிங்ஸ் குடும்பத்தாரும் அவரைச் சார்ந்தோரும் இதே முறையில் வேறு சில நிறுவனங்களையும் தொடங்கினர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சூழ அமைந்த இந்நிறுவனங்களுக்கு, மருத்துவ ஆய்வாளர் காரன் வின்ட்டமியூட் 1994-இல் எழுதிய ஆய்வில் 'நெருப்பு வளையம்' என்று பெயரிட்டார்.

1991-இல் ரேவன் ஆலை தீயில் அழிந்தது. நிறுவனமும் அத்துடன் முடிந்தது. அதன் வடிவமைப்பு பீனிக்ஸ் ஆர்ம்ஸ் என்னும் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறிச் சில ஆண்டுகள் தொடர்ந்தது. ஆகவே, இன்று ஒரு ரேவன் துப்பாக்கியை மரபுரிமையாகப் பெறுபவர் அதைச் செய்தவருக்குக் கடிதம் எழுதி உறுப்புக் கேட்க இயலாது. சுருள்வில் செய்து விற்கும் நிறுவனங்களையும், பழைய துப்பாக்கிகளைப் பிரித்து உறுப்புகளாக விற்கும் நியூயார்க் மாநிலத்து நம்ரிச் போன்ற வணிகர்களையும்தான் அவர் நாடவேண்டும்.

உள்ளே நடப்பது என்ன?

எந்த உறுப்பு எதற்காகத் தேய்கிறது என்று அறிய, சுடும்போது உள்ளே நடப்பதை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம்.

எம்.பி.-25 சுடுவது .25 ஏ.சி.பி. என்னும் சிறு தோட்டாவை. மெட்ரிக் அளவில் இது 6.35 மில்லிமீட்டர். ஜான் பிரௌனிங் என்னும் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் உருவாக்கி, 1905-இல் வெளிவந்தது. அதன் குண்டின் நிறை சுமார் 3.24 கிராம், வேகம் வினாடிக்குச் சுமார் 230 மீட்டர். எனவே,

குண்டின் உந்தம் = 0.00324 × 230 = 0.745 கி.கி. மீ./வி.

நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, இதே உந்தம் பின்னோக்கியும் கிடைக்கவேண்டும். அதைப் பெறுவது துப்பாக்கியின் நகரும் மேல்பாகம். இதனை ஸ்லைடு என்பர். பெரிய துப்பாக்கிகளில் குண்டு வெளியேறும்வரை ஸ்லைடைக் குழலோடு பூட்டிவைக்க ஓர் அமைப்பு உண்டு. இதில் பூட்டு இல்லை. ஸ்லைடின் நிறையும் ஒரு சுருள்வில்லுமே தடை. கணக்கிற்காக ஸ்லைடின் நிறையை 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வெடிவாயுவின் பங்கை விட்டுவிட்டால்,

ஸ்லைடின் வேகம் = 0.745 ÷ 0.15 = ஏறத்தாழ 5 மீ./வி.

இப்போது ஆற்றலைப் பாருங்கள். குண்டின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 86 ஜூல். ஸ்லைடின் இயக்க ஆற்றல் 1.9 ஜூல் மட்டுமே. உந்தம் சமமாயினும் ஆற்றல் சமமாவதில்லை என்று நாம் படித்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அந்த 1.9 ஜூலை அற்பமென்று தள்ளிவிட முடியாது. ஒரு கிலோ எடைக்கல்லை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் கிடைக்கும் ஆற்றல் அது. சுடும் ஒவ்வொரு முறையும் அந்த அடியை யாராவது தாங்கவேண்டும். சுருள்வில் நன்றாக இருந்தால் பெரும்பகுதியைத் தன்னுள் வாங்கி, ஸ்லைடை மீண்டும் முன்னே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. சுருள்வில் தளர்ந்திருந்தால் மிச்ச அடி துப்பாக்கியின் உடற்சட்டத்தின் மேல் விழுகிறது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

மாற்றத்தக்கவை

முதலில் மாற்றவேண்டியது சுருள்வில். ஸ்லைடுக்கு ஒன்று, அடிப்பு ஊசிக்கு ஒன்று, தோட்டாக் கூட்டுக்கு ஒன்று எனப் பல சுருள்விற்கள் உள்ளன. 'பல ஆண்டுகள் அமுங்கியே கிடந்தால் சுருள்வில் களைத்துவிடும்' என்பது பொதுவான நம்பிக்கை. மீட்சி எல்லைக்குள் அமுங்கிக் கிடப்பதால் மட்டும் நல்ல எஃகுச் சுருள்வில் பெரிதும் கெட்டுவிடாது. மீண்டும் மீண்டும் அமுங்கி விரிவதும், எல்லைமீறி அமுங்குவதும், துருவுமே அதைக் கெடுப்பவை.

கெடும் விதத்தையும் காண்போம். சுருள்வில்லின் விசை மாறிலி, கம்பியின் விறைப்புக் குணகம், கம்பியின் விட்டம், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சார்ந்தது. எல்லைமீறி அமுங்கிய சுருள்வில்லில் இவை பெரும்பாலும் மாறுவதில்லை. அதன் இயல்பு நீளமே குறைகிறது. நீளம் குறைந்தால் தொடக்க அழுத்தம் குறையும். துரு பிடித்தாலோ, நிலைமை வேறு. விசை மாறிலி கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கோடு நேர்விகிதத்தில் உள்ளது. துருவால் விட்டம் 5 விழுக்காடு குறைந்தால், 0.95-இன் நான்காம் அடுக்கு 0.81 ஆகும்; விசை 19 விழுக்காடு குறைகிறது. மேலும் துருக் குழிகளிலிருந்தே முறிவு தொடங்கும்.

தளர்ந்த சுருள்வில்லைக் கையால் இழுத்து நீட்டிப் போடுவோர் உண்டு. மீட்சி எல்லையைக் கடந்து நீட்டப்பட்ட அது விரைவிலேயே மீண்டும் அமுங்கிவிடும். 'பலமாக இருக்கட்டும்' என்று கடினமான சுருள்வில்லைப் போடுவதும் தவறு. ஸ்லைடு போதிய தூரம் பின்செல்லாமல் தோட்டா இடையில் சிக்கும். உரிய அளவில் புதிதாகச் செய்ததைப் போடுவதே முறை.

அடிப்பு ஊசி, தோட்டாக் கூடு, கைப்பிடித் தகடுகள், திருகுகள் ஆகியவையும் மாற்றத்தக்கவை. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பிரித்து விற்கப்படும் பழைய உறுப்பும் அதே வயதுடையது. அதுவும் தேய்ந்தே இருக்கலாம். ஒரே மாதிரியிலேயே ஆண்டுக்கு ஆண்டு அளவுகள் சற்று மாறியிருப்பதும் உண்டு. பொருந்தாததை அரத்தால் தேய்த்துப் பொருத்துவது, சில இடங்களில் ஆபத்து. குறிப்பாக, அடிப்பு ஊசியைப் பின்னே பிடித்து நிறுத்தும் 'சியர்' என்னும் கொக்கியின் முகம் மில்லிமீட்டரின் சிறு பகுதி அளவு தேய்ந்தாலும், விசையை இழுக்காமலே அடிப்பு ஊசி விடுபட வாய்ப்பு ஏற்படும். இவ்வேலையைப் பயிற்சி பெற்ற துப்பாக்கிக் கம்மியரிடமே விடவேண்டும்.

மாற்றத்தகாதது

இனி உடற்சட்டம். குழல் எஃகினால் ஆனது. உடற்சட்டமோ துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றி வார்த்தது. விலை குறைந்ததன் மறைபொருள் இதுவே. எஃகுக் கட்டியைக் கடைந்து குடைய மணிக்கணக்கில் ஆகும். உருகிய துத்தநாகக் கலவையை அழுத்தத்தோடு அச்சினுள் செலுத்தினால் நொடிகளில் வடிவம் கிடைத்துவிடும்.

இக்கலவைக்கு ஜமாக் என்று பெயர். துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மானியப் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்து உண்டான சொல். நியூஜெர்சி ஜிங்க் நிறுவனம் 1929-இல் இதனை உருவாக்கியது. அதற்கு முன் துத்தநாக வார்ப்புகள் சில ஆண்டுகளில் தாமாகவே வீங்கி, வெடித்து, பொடியாகி உதிர்ந்தன. கலவையில் ஒளிந்திருந்த ஈயம், வெள்ளீயம், காட்மியம் ஆகிய மாசுகள், ஈரத்தின் துணையோடு படிகத் துகள்களின் எல்லைவழியே அரித்ததே காரணம். 99.99 விழுக்காடு தூய துத்தநாகத்தைப் பயன்படுத்தி, சிறிதளவு மக்னீசியமும் சேர்த்த பின்னரே இந்நோய் அடங்கிற்று.

ஜமாக் இழிந்த பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. கார்களின் கார்புரேட்டர்கள், கதவுப் பிடிகள், பூட்டுகள், குழாய் முனைகள் எனப் பலவற்றில் அது நெடுங்காலம் நன்றாகவே உழைத்துள்ளது. ஆனால் அதற்கென ஓர் இயல்பு உண்டு. பொதுவாகப் பயன்படும் ஜமாக்-3 ஏறத்தாழ 381 முதல் 387 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இதைக் கெல்வின் அளவில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அறை வெப்பம் 303 கெல்வின். ஜமாக் உருகத் தொடங்கும் நிலை 654 கெல்வின். அதாவது, சும்மா மேசையில் கிடக்கும்போதே அது தன் உருகுநிலையில் 46 விழுக்காட்டை எட்டியிருக்கிறது. எஃகோ 17 விழுக்காட்டில்தான் இருக்கிறது. உருகுநிலையில் 40 விழுக்காட்டுக்கு மேல் சென்ற உலோகங்கள், இடைவிடாத சுமையின் கீழ் மெல்ல மெல்ல உருமாறும் தன்மை உடையவை. இதையே உலோகவியலில் ஊர்வு என்பர். எஃகு மறந்துவிடும் சுமையைத் துத்தநாகம் தன் உடலில் எழுதிவைத்துக்கொள்கிறது எனலாம்.

இதில் விரிசல் கண்டால் பற்றவைத்துச் சீராக்குவது நடைமுறையில் இயலாத செயல். வலிமை மீளாது, வடிவமும் கெடும். ஆகவேதான் புதிய சுருள்வில்லுக்கு இத்துணை முதன்மை தருகிறோம். சில டாலர் விலையுள்ள சுருள்வில், விலைகொடுத்தாலும் கிடைக்காத உடற்சட்டத்தைக் காக்கிறது.

தூய்மை செய்தலும் சோதித்தலும்

எந்த வேலைக்கும் முன்னர், தோட்டாக் கூட்டை வெளியே எடுத்து, ஸ்லைடைப் பின்னிழுத்து, குழலின் அறை வெறுமையாக இருப்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும். முனை பாதுகாப்பான திசையில் இருக்கவேண்டும். 'பல ஆண்டுகளாகச் சும்மா கிடந்ததுதானே' என்ற எண்ணமே பல விபத்துகளுக்கு வித்து.

தூய்மை செய்வதில் வேதியியல் குறுக்கிடுகிறது. துத்தநாகம் அமிலத்திலும் கரையும், வலிய காரத்திலும் கரையும், ஈரியல்பு உடையது. எஃகுக்கு ஏற்ற அமிலத் துருநீக்கியைத் தடவினால் துரு போகும்முன் துத்தநாகம் போய்விடும். குழலில் படிந்த செம்பை நீக்க விற்கப்படும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா உண்டு. அவற்றையும் உடற்சட்டத்தில் படவிடலாகாது. மெல்லிய எண்ணெயும் மென்மையான துணியும் போதும்.

முலாம் உரிந்த இடத்தில் வெண்பொடி படிவதைக் காணலாம். பளபளப்பான முலாமில் குரோமியத்தின் அடியில் செம்பும் நிக்கலும் இருப்பது வழக்கம். துத்தநாகத்தின் திட்ட மின்முனை அழுத்தம் –0.76 வோல்ட், நிக்கலுக்கு –0.25, செம்புக்கு +0.34. வியர்வை ஈரம் பட்டதும் ஒரு சிறு மின்கலம் உண்டாகிறது. அதில் கரைவது துத்தநாகம். முலாம் முழுமையாக இருந்தவரை காவலாக நின்றது, ஓரிடத்தில் உடைந்ததும் அரிப்பை விரைவுபடுத்துகிறது. முலாமின் கீழே கொப்புளம் எழுந்திருந்தால் உள்ளே அரிப்பு பரவிவிட்டது என்று பொருள்.

கண்ணுக்குப் புலப்படாத விரிசலைக் காண்பது எங்ஙனம்? இரும்பாயின் காந்தத் துகள் முறை உதவும். துத்தநாகம் காந்தத்தால் கவரப்படாதது. எனவே சாய ஊடுருவல் முறையே ஏற்றது. தூய்மையாக்கிய பரப்பில் செஞ்சாயத் திரவத்தைத் தடவிச் சில நிமிடங்கள் விட்டு, துடைத்துவிட்டு, வெண்பொடி தூவவேண்டும். நுண்புழை ஏற்றத்தால் விரிசலுக்குள் புகுந்த சாயம், அதே விசையால் வெண்பொடிக்கு ஏறிச் சிவப்புக் கோடாகத் தோன்றும். கோடு தோன்றினால் தீர்ப்பு முடிந்தது. அத்துப்பாக்கி இனிச் சுடத் தகுதியற்றது.

பிறவிக் குறை

தேய்ந்த உறுப்பை மாற்றலாம். விரிசல் விட்ட சட்டத்தை ஒதுக்கலாம். இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகைக் குறை ஒன்று உண்டு. அது வடிவமைப்பிலேயே பிறந்தது.

1994-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஒரு வீட்டில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அங்கிருந்தது ஜென்னிங்ஸ் குடும்பத்தின் அடுத்த தலைமுறை நடத்திய பிரைகோ நிறுவனத்தின் .380 கைத்துப்பாக்கி. குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், பாதுகாப்பு கருதி அதிலிருந்த தோட்டாவை அகற்ற முற்பட்டார். அத்துப்பாக்கியில் பாதுகாப்புத் தாழை விடுவித்தால்தான் ஸ்லைடைப் பின்னிழுக்க முடியும். விடுவித்தார்; குண்டு பாய்ந்தது. 7 வயதுச் சிறுவன் ஒருவன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தான். 2003-இல் நடுவர் குழு, வடிவமைப்புக் குறையும் ஒரு காரணம் என்று கண்டு, துப்பாக்கி செய்தவர்கள்மீது இரண்டு கோடி டாலருக்கும் மேற்பட்ட பொறுப்பைச் சுமத்தியது. நிறுவனம் திவாலாயிற்று.

அத்துப்பாக்கியின் சுருள்விற்கள் அனைத்தையும் புதிதாக மாற்றியிருந்தாலும் இக்குறை நீங்கியிருக்காது. தோட்டாவை அகற்றும் அந்த நொடியில் பாதுகாப்பு இல்லை என்பது அதன் உறுப்பில் உள்ள குறையன்று. எண்ணத்தில் உள்ள குறை. மாற்று உறுப்புகளைப் பொருத்தும்போது, அவை துப்பாக்கியை அது பிறந்த நாளின் நிலைக்கே மீட்கும், அதற்கு மேல் உயர்த்தா என்பதை மறக்கலாகாது.

சட்டம் சொல்வது

அமெரிக்க நடுவண் சட்டப்படி, துப்பாக்கி என்று கருதப்படுவது தொடர் எண் பொறித்த உடற்சட்டமே. சுருள்வில், அடிப்பு ஊசி முதலியன வெறும் உறுப்புகள்; அஞ்சலில் வாங்கலாம். தொடர் எண்ணை அழிப்பது குற்றம். ஆகவே பழைய துப்பாக்கிக்கு மெருகேற்றுவோர் அந்த எண்ணின் மீது அரமோ உப்புத்தாளோ படாமல் காக்கவேண்டும். உலோகவியல் எதை மாற்றத்தகாதது என்றதோ, அதையே சட்டமும் துப்பாக்கியின் உயிராகக் கொண்டிருப்பது வியப்புக்குரியது.

இலினாய் மாநிலத்தில், 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 427 டிகிரி செல்சியஸுக்குக் குறைவாக உருகும் துத்தநாகக் கலவை வார்ப்பினாலான கைத்துப்பாக்கிகளை வணிகர் விற்பதற்குத் தடை உண்டு. குற்றவாளிகளின் கைக்கு எளிதில் போவது இவ்வகையே என்பர் தடையை ஆதரிப்போர். செல்வர் எஃகுத் துப்பாக்கி வாங்குவர், காவல் குறைந்த தெருவில் வாழும் ஏழைக்கு மட்டும் தற்காப்பு மறுக்கப்படுகிறது என்பர் எதிர்ப்போர். ஒரு பொருளின் உருகுநிலை சமூக வழக்காக மாறுவதை இங்கே காண்கிறோம்.

நம் நாட்டில் நிலைமை முற்றிலும் வேறு. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், ஆயுதத்தின் உறுப்புகளையும் ஆயுதம் என்றே கொள்கிறது. உரிமம் பெற்றவர் மறைந்தால், வாரிசு தமக்கென உரிமம் பெறும்வரை ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்கவேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. உறுப்பு வாங்கி வீட்டிலேயே மாற்றும் வழக்கம் அமெரிக்கச் சூழலுக்கு உரியது. அதை இங்கே செய்து பார்க்க எண்ணுவது குற்றமாகும்.

முடிவாக

மலிவாகச் செய்யப்பட்ட பொருளை வாங்கியவர் அன்று குறைவாகவே கொடுத்தார். எஃகுக்குப் பதில் துத்தநாகம், பூட்டுக்குப் பதில் சுருள்வில், கவனமான வடிவமைப்புக்குப் பதில் விரைவான விற்பனை என்று குறைக்கப்பட்ட ஒவ்வொன்றும் நீங்கிவிடவில்லை, பின்னாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்தக் கணக்கைத் தீர்க்கவேண்டியவர் மரபுரிமையாகப் பெறுபவரே. வாங்கிய விலையைவிடப் பழுதுபார்க்கும் கூலி மிகுதியாவதும் இதனால்தான்.

எனினும் பழுது பார்ப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. மூத்தவர் ஒருவரின் கை பட்ட பொருளைத் துடைத்து, எண்ணெயிட்டு, துருப்பிடித்த சுருள்வில்லை மாற்றி, அது எவ்வாறு இயங்கியது என்று அறிந்துகொள்வது நல்ல கல்வியே. சுடுவதா, நினைவுப் பொருளாக வைப்பதா என்று முடிவு செய்யும்போது மட்டும் பாசத்தை ஒதுக்கிவிட்டு, சாயச் சோதனையின் சிவப்புக் கோட்டையும், துப்பாக்கிக் கம்மியரின் சொல்லையும் கேட்கவேண்டும். ஐயம் சிறிதேனும் எஞ்சினால், அடிப்பு ஊசியை அகற்றிவிட்டுப் பூட்டிய பேழையில் நினைவுப் பொருளாக வைப்பதே தக்கது. அப்போதும் அது தாத்தாவின் துப்பாக்கியாகவே இருக்கும். வீட்டிலுள்ள குழந்தைக்கும் தீங்கு வராது.